திருச்சியிலிருந்து திருச்சிக்குப் பதினைந்து மணி நேரம்

திருச்சியில் ஏறினால் டொராண்டோவில் இறங்க நாற்பது நிமிடம்தான் என்று ஆன முதல் நாள், பயணிகள் யாரும் பெரிதாக வாயைப் பிளந்துவிடவில்லை. விமானத்தில் சாப்பாடு போடவில்லை என்றுதான் சண்டை பிடித்தார்கள். பணிப்பெண் இடுப்புப் பட்டையை எப்படி மாட்டுவது என்று காட்டி முடித்து, எப்படிக் கழற்றுவது என்று காட்டுவதற்குள் கனடா வந்துவிட்டது. அதனால் இறங்கத் தெரியாமல் பலர் மாட்டியபடியே உட்கார்ந்திருந்தார்கள்.

அண்மை ஏர்வேஸின் திருச்சி அலுவலகத்தில் அன்று ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். எல்லோரும் லட்டைத் தின்றார்கள். ஜம்புலிங்கம் மட்டும் அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். முப்பது வருடமாக விமானங்களுக்குப் பயண நேரம் கணக்கிட்டுக் கொடுப்பவர் அவர். எந்த இரண்டு விமான நிலையங்களின் பெயரைச் சொன்னாலும் நடுவிலுள்ள தூரத்தையும், அன்றைய காற்றுக்கு எத்தனை மணி எத்தனை நிமிடம் என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். கணக்கு உதைத்தால் அவருக்குத் தின்பண்டம் இறங்காது.

நேராக டாக்டர் ஜெசிந்தாவிடம் போனார். தூரத்தைச் சுருக்கும் கருவியைச் செய்தவர் அந்த அம்மாள்தான்.

"மேடம், திருச்சிக்கும் டொராண்டோவுக்கும் பதிமூணாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு கிலோமீட்டர். இன்னிக்கு நம்ம பிளேன் ஓடுனது வெறும் முந்நூத்திப் பன்னெண்டு. மிச்சம் பதிமூணாயிரம் எங்க போச்சு?"

ஜெசிந்தா எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"புடவை கட்டுறப்ப கொசுவம் வைக்கிறோம்ல சார், அப்ப துணி குறைஞ்சா போகுது?"

"இல்ல."

"எங்க போகுது?"

"மடிச்சு இடுப்புல செருகிக்கிறீங்க."

"அதேதான். நான் மடிச்சிட்டேன். செருகத்தான் இன்னும் எடம் கிடைக்கல. இப்போதைக்குக் கையில புடிச்சிட்டு நிக்கிறேன். விட்டா டொராண்டோ பழைய எடத்துக்கே ஓடிரும்."

"ரெண்டு மூணு துண்டாக் கிழிச்சு அங்கங்க..."

"கிழிச்சா தூரம் செத்துரும் சார். முழுசாத்தான் செருகணும்."

அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அதில் கேள்வி கேட்டவன் தலையிலேயே அந்த வேலையைக் கட்டுவது வழக்கம். மறுநாள் செருகல் பிரிவு என்று புதிதாக ஒன்று திறந்து ஜம்புலிங்கத்தைத் தலைவராக்கினார்கள். அவருக்குக் கீழே யாரும் இல்லை.

முதலில் கடலில் செருகிப் பார்த்தார்கள். ஒரு சரக்குக் கப்பல், எதிரே துறைமுகத்தில் ஆட்கள் பல் விளக்குவது தெரியும் தொலைவிலிருந்து, பதினெட்டு நாள் இரவு பகலாக ஓடிக் கரை சேர்ந்தது. மாலுமிகள் கிளர்ச்சி செய்தார்கள். தூரத்தைத் திரும்ப உருவிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அப்போதுதான் ஜெசிந்தாவுக்கு அந்த யோசனை தோன்றியது.

"எடத்துக்கும் எடத்துக்கும் நடுவுல செருகுனா போறவன் வர்றவன் எல்லாம் மாட்டிக்கிறான். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவுல செருகிட்டா? அந்த ரெண்டு வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான் அது தூரம். மத்தவங்களுக்கு ஒண்ணுமில்ல."

"யாரு எந்தக் குடும்பம்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"ரேஷன் கார்டு எதுக்கு சார் இருக்கு?"

பத்திரிகையில் விளம்பரம் போனது. 'தூரம் தேவைப்படும் குடும்பங்கள் விண்ணப்பிக்கலாம். இரு தரப்புக் குடும்பத் தலைவர்களின் கையொப்பமும் அவசியம்.' இருநூற்றுப் பதினான்கு விண்ணப்பங்கள் வந்தன. நூற்றுத் தொண்ணூறு பேர் மருமகன்கள். ஆனால் இருநூற்றுப் பதின்மூன்றில் ஒரு பக்கக் கையெழுத்துத்தான் இருந்தது. ஒன்றே ஒன்றில் இரண்டு கையெழுத்தும், காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தமாக, இருந்தது.

உறையூர் கீரைக்கொல்லைத் தெருவில் எதிரெதிர் வீடுகள் அவை. இந்தப் பக்கம் வெக்காளியம்மாள், அந்தப் பக்கம் சிந்தாமணியம்மாள். இருவருக்கும் கணவர் இல்லை; குடும்பத் தலைவர்கள் அவர்களேதான். சிந்தாமணியின் ஒரே மகள் குங்குமவல்லியை வெக்காளியின் ஒரே மகன் மோகனரங்கனுக்குக் கட்டிக்கொடுத்து இரண்டேகால் வருடம் ஆகியிருந்தது. பெண்ணைத் தூரத்தில் கொடுத்துவிட்டுத் தவிக்க வேண்டாமே என்றுதான் தெருவைத் தாண்டாமல் சம்பந்தம் செய்தார்கள். அதுதான் தப்பாகப் போயிற்று.

ஜம்புலிங்கம் விசாரிக்கப் போனபோது இருவரும் அவரவர் வாசலில் நின்றபடி நடுத்தெருவில் அவரை நிறுத்திவைத்துப் பேசினார்கள்.

"எங்க வீட்டுக் குக்கர் விசில எண்ணுறாங்க சார் இந்தம்மா!" என்றார் வெக்காளி. "ரெண்டு விசில்ல எறக்குனா, 'என் பொண்ணுக்கு வேகாத பருப்பைப் போடுறா'ன்னு தெருவே கேக்கச் சொல்றாங்க."

"வேகல சார்! நான் கிண்ணத்துல வாங்கிப் பாத்தேன். அழுத்துனா நசுங்கல," என்றார் சிந்தாமணி. "கேட்டா, ஆறு விசில் விட்டு எட்டாவது வீட்டுக்கும் கேக்க வைக்கிறாங்க."

"பதிமூணாயிரம் கிலோமீட்டர்ம்மா. யோசிச்சுத்தான் போட்டீங்களா கையெழுத்து?"

"அதுக்கு மேல இல்லையா?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அந்த இரண்டேகால் வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

உள்ளே, வெக்காளியின் முதுகுக்குப் பின்னால், குங்குமவல்லி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

நெல் அளக்கும் மரக்கால் மாதிரி ஒரு கருவியைத் தெரு நடுவில் வைத்து, இரண்டு ரேஷன் கார்டையும் அதற்குக் காட்டினார்கள். சுவிட்சைத் தட்டியது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். தெருக்காரர்களுக்கு ஒன்றும் மாறவில்லை. தண்ணி லாரி வந்தது, போனது. ஆனால் வெக்காளி தன் வாசலிலிருந்து பார்த்தால் எதிர்வீடு இல்லை. வீடு இருந்த இடத்தில், உச்சிவெயிலில் தார்ச்சாலையின் மேல் நெளியுமே, அப்படி என்னவோ நெளிந்துகொண்டிருந்தது. சிந்தாமணிக்கும் அதே காட்சி.

தெருக்கோடியில் இருந்த கணக்கு வாத்தியார் ஒருவருக்குத்தான் மனசு கேட்கவில்லை. தன் வீட்டிலிருந்து வெக்காளி வீடு எண்பது அடி, சிந்தாமணி வீடு தொண்ணூறு அடி, அந்த இரண்டுக்கும் நடுவே பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் என்றால் பிள்ளைகளுக்கு முக்கோணத்தை எப்படி நடத்துவது என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை முக்கோணம் நடத்த வேண்டாம் என்று பதில் வந்தது.

ஜம்புலிங்கத்துக்கு வேறொரு ஆர்வம். காலை ஆறு மணிக்கு வெக்காளி பழக்கதோஷத்தில் எதிர்ப்பக்கம் பார்த்து ஒரு வசவு விட்டார். அது சிந்தாமணி காதில் மாலை நாலரைக்கு விழுந்தது. ஒலி பத்தரை மணி நேரம் பயணம் செய்திருக்கிறது. மூன்று நாள் கைக்கடிகாரத்தோடு நின்று குறித்துப் பார்த்தார். ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லை. ஓடி வந்து ஜெசிந்தாவிடம் சொன்னார்.

"கேக்கவே கூடாதே சார். கணக்குப்படி பத்தாவது கிலோமீட்டர்லயே குரல் செத்துரணும்."

"நீங்க அந்தம்மா பேசிக் கேட்டதில்ல மேடம்."

ஆக எல்லாம் சுபம். டொராண்டோ விமானம் தினம் எட்டு முறை பறந்தது. அங்கேயிருந்த நம் ஆட்கள்தான் நாளாக ஆக முகம் வெளிறினார்கள். 'வரணும்னு ஆசைதான் சித்தப்பா, ஆனா தூரம் பாருங்க' என்ற ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அவர்களில் பலர் கடல் தாண்டிப் போயிருந்தார்கள். அது இப்போது செல்லாது. காதுகுத்து, மொட்டை, சடங்கு, புதுவீடு, எதற்கும் தப்ப முடியவில்லை. பல் வைத்தியர் ஒருவர் ஒரே ஆவணியில் பதினேழு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, கடைசிப் பந்தியில் பாயசக் கிண்ணத்தின் மேலேயே தூங்கிவிட்டார்.

இதையெல்லாம் ஜம்புலிங்கம் தன் நோட்டில் வேடிக்கைபோல எழுதிக்கொண்டு வந்தார். ஏழாவது மாதம் வரை அவருக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஏழாவது மாதம் ஒரு பகல் வேளையில், விமான நிலையத்தில் அவருடைய மேஜைக்கு முன்னால் நிறைமாதப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல். வளைகாப்பு முடிந்து ஒரு வாரம்கூட இருக்காது.

"நீங்கதான் தூரம் பாக்குறவரா?"

"உக்காரும்மா. எங்கிருந்து எங்க போகணும்?"

"எங்க மாமியார் வீட்டுலேருந்து எங்கம்மா வீட்டுக்கு."

தொழில் புத்தி. அவர் பென்சிலை எடுத்துவிட்டார். "எந்த ஊரு, எந்த ஊரு?"

"உறையூர், உறையூர்."

அப்போதுதான் அவருக்கு முருங்கைக்கீரை நினைவுக்கு வந்தது.

குங்குமவல்லி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டாள். கோபமாக வந்தவளாகத் தெரியவில்லை. பேருந்து நேரம் கேட்பவள் போலத்தான் பேசினாள்.

"தலைப்பிரசவம் சார். அம்மா வீட்டுலதான் ஆகணும். அம்மாவும் அப்படித்தான் சொல்றாங்க, அத்தையும் அப்படித்தான் சொல்றாங்க. 'நான் பாத்து எதாவது ஒண்ணு ஆனா ஊரு என்னைப் பேசும், அவ அம்மாவே பாக்கட்டும்'கறாங்க அத்தை. முப்பத்தஞ்சு வாரம் ஆச்சு. எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

ஜம்புலிங்கம் கணக்கிட்டார். தூரம் எங்கேயாவது ஓடித் தீர்ந்தாக வேண்டும். அதற்காகக் கம்பெனி ஒப்பந்தத்தில் வருடத்துக்கு இரண்டு இலவசப் பயணம் எழுதியிருந்தது. திருச்சியில் ஏற வேண்டியது, பழைய மாதிரி விமானத்தில் பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் பறக்க வேண்டியது, திருச்சியிலேயே இறங்க வேண்டியது. இறங்கினால் எதிர்வீடு கண்ணுக்குத் தெரியும்.

"பதினஞ்சு மணி இருபது நிமிஷம். எதிர்க்காத்து இருந்தா பதினாறு."

"தெரியும். எங்க வீட்டுக்காரரு தீபாவளிக்குப் போனாரு. வியாழக்கிழமை காலைல எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டுக் கெளம்புனவரு, வெள்ளிக்கிழமை விடியறப்ப காலெல்லாம் வீங்கி எதிர்வீட்டுல எறங்குனாரு. பக்கத்து வீட்டு அக்கா ரெண்டையும் மாடியிலேருந்து பாத்துட்டு, 'ஏன் தம்பி இந்தத் தெருவக் கடக்க உனக்கு ஒரு நாளா?'ன்னு கேட்டாங்களாம்." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "என்னால அவ்வளவு நேரம் உக்கார முடியாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அடுத்த வாரத்துக்கு மேல பிளேன்லயும் ஏத்த மாட்டாங்களாமே."

"முப்பத்தாறு வாரத்துக்கு மேல ஏத்த மாட்டாங்க. ஆமா." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆஸ்பத்திரில பிரசவம்னா, அம்மா அங்க நேரா வந்துட்டா..."

"ஸ்கேன் எடுக்கப் போன அன்னிக்கு வந்தாங்க சார். நர்சம்மா என்கிட்ட வந்து, 'உங்கம்மா வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருக்காங்க'ன்னாங்க. நான் எட்டிப் பாத்தேன். வெறும் பெஞ்சுதான் இருந்துச்சு. அம்மாவும் கதவையே பாத்துட்டு இருந்தாங்களாம். போன் போட்டு, 'எங்கம்மா இருக்க?'ன்னேன். 'உன் எதுர்லதான்டி'ன்னாங்க."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"கையெழுத்து ரெண்டு பேர் போட்டாங்க சார்," என்றாள் அவள். "நடக்கறது நான்."

அன்று மாலையே ஜம்புலிங்கம் ஜெசிந்தாவைப் பிடித்தார். தூரத்தை உருவ முடியாது என்றார் அவர். உருவினால் வேறு எங்காவது செருக வேண்டும். எடுத்துக்கொள்ள யாரும் இல்லை; ஒப்பந்தம் வேறு ஏழு வருடத்துக்கு. மேலதிகாரி இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "தை மாசம் வரைக்கும் டிக்கெட் வித்தாச்சு."

மறுநாள் ஒன்றும் தோன்றாமல் கீரைக்கொல்லைத் தெருவுக்குப் போய் நின்றார். சிந்தாமணி அவரைக் கண்டதும் வாசலுக்கு வந்தார். ஏழு மாதத்துக்கு முன் பார்த்த உருட்டல் மிரட்டல் ஒன்றும் இல்லை.

"வாங்க சார். மலைக்கோட்டைச் சாமிக்கு வாழைத்தார் நேந்துக்கிட்டிருக்கேன். அந்தக் காலத்துல காவேரில வெள்ளம் வந்து பெத்தவ அக்கரையில மாட்டிக்கிட்டா, சாமியே அம்மா வேஷத்துல வந்து பிரசவம் பாத்துச்சு. இப்ப என்ன வெள்ளமா வந்துச்சு? நானே வெட்டிக்கிட்ட ஆறு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சாமியக் கூப்புடுவேன்?"

அவர் உள்ளே போய் ஒரு தூக்குச்சட்டியோடு வந்தார். "பூண்டுக் கொழம்பு. எதிர்த்தாப்புல குடுத்திருவீங்களா?"

ஜம்புலிங்கம் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். பழக்கத்தால் காலடியை எண்ணினார். பதினொரு அடி. குங்குமவல்லி கையில் கொடுத்துவிட்டுத் திரும்ப வந்தார். பதினொரு அடி. நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் ஒரு சைக்கிள்காரர் மணியடித்துப் பார்த்து, திட்டிப் பார்த்து, சுற்றிக்கொண்டு போனார்.

'எனக்கு ஏன் பதினோரு அடி?'

ஏனென்றால் அவர் பெயர் இரண்டு கார்டிலும் இல்லை.

அன்று மாலை வெக்காளியின் கூடத்தில் அவர் அதை விளக்கினார். சிந்தாமணி போனில் கேட்டுக்கொண்டிருந்தார். மோகனரங்கன் ஒரு தூணோரமாக நின்றான்; துவாக்குடியில் இரும்பை வளைக்கும் வேலை செய்பவன், வீட்டில் தானே வளைந்துகொள்வான்.

"வழி ரெண்டும்மா," என்றார் ஜம்புலிங்கம். "ஒண்ணு, வல்லி பேரை இந்தக் கார்டுலேருந்து எடுத்து அவங்க அம்மா கார்டுல சேக்கறது. அம்மா வீட்டுக்குப் பதினோரு அடில போயிரலாம். ஆனா உங்க மகன்கிட்டேருந்து பதிமூணாயிரம் கிலோமீட்டர்."

"ரெண்டாவது?"

"தனியா ஒரு கார்டு. ரெண்டு வீட்டுலயும் சேராம. இந்தத் தம்பியும் அதுலயே சேந்துக்கலாம்."

"தனிக் கார்டுன்னா?"

"தனி அடுப்பு வேணும். அதிகாரி வந்து பாப்பாரு. தனியா சமைக்கணும், தனியா இருக்கணும்."



"தனிக்குடித்தனம்," என்றார் வெக்காளி மெதுவாக. "அதச் சொல்ல இவ்வளவு சுத்தி வரணுமா சார்? என் புள்ளைய என் கையெழுத்தாலேயே வெளிய அனுப்பச் சொல்றீங்க. மாட்டேன். பதிமூணாயிரம் கிலோமீட்டர் இருந்துட்டுப் போவுது."

"சம்பந்தியம்மா சொல்றதும் நியாயந்தான்," என்றது போன். எல்லோரும் திடுக்கிட்டுப் போனைப் பார்த்தார்கள். "என் கார்டுலயே சேத்துருங்க. புள்ள பொறந்து, காது குத்தி, பள்ளிக்கூடம் போற வரைக்கும் நானே பாத்துக்கறேன்."

வெக்காளியின் முகம் மாறியது.

"சார், அப்ப குழந்தை?"

"பெத்தவ பேரு எந்தக் கார்டுல இருக்கோ அதுலதான் குழந்தை பேரும் ஏறும்."

"அப்ப என் பேரப்புள்ளைய நான் பாக்க..."

"பதினஞ்சு மணி இருபது நிமிஷம். வருஷத்துக்கு ரெண்டு தடவை. எதிர்க்காத்து இருந்தா பதினாறு."

வெக்காளி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விமானத்தில் போக அவர் பயந்தது மாதிரித் தெரியவில்லை. எதிர்வீட்டில் ஒரு குழந்தை தவழ்வதையும், தான் வாசலில் நின்று நெளிகிற வெயிலைப் பார்ப்பதையும் நினைத்துப் பார்த்திருப்பார். கடைசியில் மருமகள் பக்கம் திரும்பினார்.

"பேருக்குத்தானடி? அடுப்பு மட்டுந்தான?"

"ஆமாங்க அத்தை," என்றாள் குங்குமவல்லி. "பேருக்குத்தான்."

வெக்காளி கையெழுத்துப் போட்டார். இந்த முறை அழுத்தமே இல்லை. ஜம்புலிங்கம் இரண்டு தரம் வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

தெருக்கோடியில் கணக்கு வாத்தியார் வீட்டு மாடியில் ஒற்றை அறையும் சமையலறையும் காலியாக இருந்தன. ஆய்வுக்கு வந்த அதிகாரி நியாயஸ்தர். அடுப்பு இருந்தால் போதாது, எரிய வேண்டும் என்றார். எரிந்தது. எரிந்தால் போதாது, ஏதாவது வேக வேண்டும் என்றார். குங்குமவல்லி வயிற்றைத் தாங்கிக்கொண்டு ரவா உப்புமா கிண்டிக் கொடுத்தாள். தின்றுவிட்டு, இது தனிக்குடும்பம்தான், சேர்ந்திருக்கும் வீட்டில் உப்பு இவ்வளவு சரியாக இருக்காது என்று சொல்லிப் போனார்.

அதற்குப் பிறகு கார்டு வரவில்லை. முப்பத்தாறாவது வாரம் போயிற்று. இனி விமானமும் இல்லை. முப்பத்தேழு போயிற்று. கைபேசியில் ஜம்புலிங்கம் மணிக்கு நான்கு தரம் பார்த்தார். ஒவ்வொரு தரமும் 'பரிசீலனையில் உள்ளது' என்றே இருந்தது. லண்டனுக்கு எத்தனை மணி, டோக்கியோவுக்கு எத்தனை மணி என்று சொன்ன மனிதருக்கு ஒரு மேஜையிலிருந்து பக்கத்து மேஜைக்குக் காகிதம் போக எத்தனை நாள் என்று சொல்ல முடியவில்லை. நோட்டில் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியும் சூத்திரம் பிடிபடவில்லை.

முப்பத்தெட்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை பகலில் குங்குமவல்லிக்கு இடுப்பு வலி லேசாக ஆரம்பித்தது. வெக்காளி மாடிக்கும் தெருவுக்கும் நடையாய் நடந்தார். ஜம்புலிங்கம் ஆட்டோவோடு வந்து நின்றார்.

"கெளம்பும்மா, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

"கொஞ்சம் இருங்க சார்." அவள் படியிறங்கி வந்து தெருவில் நின்றாள். அம்மா வீடு இருக்க வேண்டிய பக்கத்தைப் பார்த்தபடி நின்றாள். அங்கே வெயில் நெளிந்துகொண்டிருந்தது. "இன்னொரு தடவை பாருங்க."

பார்த்தார். பரிசீலனையில் உள்ளது. மறுபடி பார்த்தார். மூன்றாம் தரம் பார்க்கும்போது அவர் எழுத்தைப் படிக்கவேயில்லை. எதிரே அவள் முகத்தைத்தான் பார்த்தார். நெளிவு அடங்கி, சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு சுவரும், ஒரு பச்சைக் கதவும், கதவருகே விளக்குமாற்றோடு ஓர் அம்மாளும் அவள் கண்ணில் வந்து நின்றது அவருக்குத் தெரிந்தது.

சிந்தாமணி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஏழு மாதம் கழித்து மகளைத் தொட்டவர், நிறைமாத வயிற்றோடு நின்றவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னடி, இப்படி எளைச்சுப் போய்ட்ட?"

குழந்தை அன்று மாலை ஐந்தே காலுக்குப் பிறந்தது. பெண்.

இரண்டு மாதம் கழித்து ஜம்புலிங்கம் அந்த மாடிக்குப் போனார். கையில் புதுப் படிவம். நல்ல செய்தி: டொராண்டோவில் இரண்டு பங்காளிகள் அந்தப் பதின்மூன்றாயிரத்தை எங்களுக்கே கொடுத்துவிடுங்கள் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை உருவிவிடலாம். வெக்காளியும் சிந்தாமணியும் ஏற்கெனவே, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், அலுவலகத்துக்கே வந்து சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

காரணம் அவருக்கு உள்ளே நுழைந்ததும் புரிந்தது. சிந்தாமணி ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். நான்கடி தள்ளி வெக்காளி. அந்த இரண்டு கார்டுகளுக்கும் நடுவே தூரம் அப்படியேதான் இருந்தது; ஆகவே வெக்காளி கண்ணுக்குச் சிந்தாமணி இல்லை. காலி நாற்காலிக்கு மேலே, ஒன்றரை முழ உயரத்தில், குழந்தை மட்டும் அந்தரத்தில் மிதந்து ஆடிக்கொண்டிருந்தது. முதல் நாள் வெக்காளி அலறியதில் கீழ்வீட்டு வாத்தியார் படியேறி வந்துவிட்டாராம். இப்போது பழகிவிட்டது.

"வாங்க சார். பாருங்க, தலைக்குக் கை குடுத்திருக்காங்களா இல்லையான்னே தெரியல," என்றார் வெக்காளி, மிதக்கும் பேத்தியை உற்றுப் பார்த்தபடி. "வெள்ளிக்கிழமை உருவிருவீங்கல்ல? அந்தம்மா எப்படித் தூக்குதுன்னு நான் பாக்கணும்."

"உருவிருவீங்கல்ல சார்?" என்றார் சிந்தாமணி, அவர் பாட்டுக்கு. "எங்க சம்பந்தி குளிப்பாட்டுறப்ப என்ன பண்றாங்கன்னு எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. புள்ள தானா தண்ணில முங்கி எந்திரிக்குது. நான் ரெண்டு வார்த்தை சொல்லணும்ல?"

ஒருவர் பேசியது மற்றவருக்குப் பத்தரை மணி நேரம் கழித்துத்தான் கேட்கும். அதுவரை இருவரும் சிரித்த முகமாக இருந்தார்கள்.

ஜம்புலிங்கம் படிவத்தைக் குங்குமவல்லியிடம் நீட்டினார். கீழே புதிதாக ஒரு கட்டம் இருந்தது. கம்பெனியோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டி அவரே சேர்க்கவைத்த கட்டம் அது. அதற்குத் தலைப்பு 'நடப்பவர்.'

"இது உன்னுதும்மா. ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

அவள் பேனாவை வாங்கினாள். அடுப்பில் பால் பொங்க இருந்தது. போய் இறக்கிவைத்துவிட்டு வந்தாள். படிவத்தை ஒருமுறை முழுவதும் படித்தாள். அம்மாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். பிறகு கட்டத்துக்குள் முத்துமுத்தாக எழுதினாள்: 'சம்மதம் இல்லை.'

ஜம்புலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். முப்பது வருடத்தில் எந்தக் காற்றும் அவர் கணக்கை இப்படிப் புரட்டிப் போட்டதில்லை.

"ஏம்மா?"

"சார்," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தாமலே. "கல்யாணம் ஆனதுலேருந்து, இவங்க ரெண்டு பேரும் இருக்கற எடத்துல நான் பேசுறது எனக்கே கேக்கறது இப்பதான்."

அவர் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அலுவலகத்தில் கோப்பை முடிக்கும்போது, மறுப்புக்கான காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று சாயங்காலம் வரை யோசித்தார். கடைசியில் 'தொழில்நுட்பக் காரணங்கள்' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார்.